சாவா மூவா ஆடுகள்: தமிழ் ஆய்விதழ்களின் திறந்த அணுக்கமும் அதற்கான பொருளும்

(திருவாதவூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஆய்வாளர் ஒருவர் எழுதிய கட்டுரையை எவரும் சந்தா கட்டாமல், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் படிக்கவும், படியெடுத்துக்கொள்ளவும், மூலத்தைச் சுட்டி மேலும் பயன்படுத்தவும் இயலும் நிலைக்குத் ‘திறந்த அணுக்கம்’ என்று பெயர். 2001 டிசம்பரில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் கூடிய சிறு குழு 2002 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை இச்சொல்லுக்கு இன்று வழங்கும் பொருளை வரையறுத்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் விவாதம் பெரும்பாலும் அறிவியல், மருத்துவ இதழ்களையே சுற்றிச் சுழன்றிருக்கிறது; இலக்கியம், வரலாறு, மொழியியல், மெய்யியல், கல்வெட்டியல் என்னும் மானுடப் புலங்களின் இதழ்கள் அதில் ஓரத்தில்தான் நின்றன. அந்த ஓரத்து இதழ்களுக்கு, அவற்றுள்ளும் தமிழாய்வு இதழ்களுக்கு, யார் பணம் தருவது, எந்த வகையில் தந்தால் இதழ் பிழைக்கும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பொருளை மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பேசுவதற்கு ஊரே ஒரு காரணம் தருகிறது. ஊரையடுத்த குன்றின் குகைத்தளத்துப் பாறையில் இரண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. இரண்டும் துறவியர் தங்க இடம் அமைத்துக் கொடுத்தவர்களைப் பற்றியவை. ஒன்றில், கொடுத்தவன் ‘கொட்டுபிதோன்’, அதாவது கொத்துவித்தவன், என்று குறிக்கப்படுகிறான். உளி பிடித்த கல்தச்சன் யாரென்று கல் சொல்லவில்லை. செலவை ஏற்றவன் யாரென்று சொல்லிவிடுகிறது. அந்தக் குகையில் மழைக்காலத்தைக் கழித்த துறவி காசு கொடுத்திருக்க மாட்டார். அதற்காக அந்த உறைவிடம் காசில்லாமல் உருவாகிவிடவும் இல்லை. திறந்த அணுக்கத்துக்குச் செலவே இல்லை என்று இன்றும் பரவலாக உள்ள தவறான எண்ணம் இந்த ஒரு சொல்லிலேயே கலைந்துவிடும். ‘கொத்தினோன்’ வேறு, ‘கொத்துவித்தோன்’ வேறு; பயன்கொள்வோன் இருவரிலும் வேறு.

கல் திறந்த வெளியில் இருக்கிறது. ஆனால் அதன் எழுத்தைப் படிக்கும் வழி ஆய்வரங்குகளிலும் ஆய்வேடுகளிலும் வகுக்கப்பட்டது. பாண்டிநாட்டுக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் கூடிய மூன்றாம் அனைத்திந்தியக் கீழைத்தேயவியல் மாநாட்டில் கட்டுரை படித்தார். ஐராவதம் மகாதேவன் 1960களில் தொடங்கிய ஆய்வை 2003இல் பெருநூலாக்கினார். ஐயரின் கட்டுரை இடம்பெற்ற மாநாட்டுத் தொகுதியைக் குன்றின் அடிவாரத்தில் வாழும் ஒரு பள்ளி ஆசிரியர் பார்க்க விரும்பினால், நெடுங்காலம் மதுரைக்கோ சென்னைக்கோ பேருந்து ஏறிப் பெரிய நூலகம் ஒன்றில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கல்லுக்குக் கதவில்லை, கல்லைப் பற்றிய கட்டுரைக்குக் கதவுண்டு என்ற இந்த முரண் ஒன்றே திறந்த அணுக்கத்தின் தேவையைச் சொல்லப் போதும்.

இனி, தாளும் அச்சும் அஞ்சலும் இல்லாத இணைய இதழுக்குச் செலவு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கட்டுரை எழுதுபவருக்கு ஊதியம் இல்லை. கட்டுரை தகுதியுடையதா என்று அத்துறை அறிந்த பிறர் பெயர் மறைத்துப் பார்த்துச் சொல்லும் ‘வல்லுநர் மதிப்பீடு’ என்னும் வேலைக்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை. ஆசிரியர் பொறுப்பை ஒரு பேராசிரியர் தம் கல்லூரி வேலையோடு வேலையாகச் சுமக்கிறார். இதழை நடத்தும் மென்பொருள்கூட இலவசமாகக் கிடைக்கிறது. கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய பொது அறிவுத் திட்டம் 2001இல் வெளியிட்ட ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ என்பதைத்தான் உலகெங்கும் பல்லாயிரம் இதழ்கள் பயன்படுத்துகின்றன. எஞ்சுவன செம்மையாக்கம், மெய்ப்பு, பக்க அமைப்பு, கட்டுரைக்கு நிலையான முகவரியாக அமையும் டி.ஓ.ஐ. எண், வழங்கிக் கணினியின் வாடகை, நூறாண்டு கழித்தும் கோப்பு திறக்க வேண்டுமென்ற பாதுகாப்பு ஆகியன.

தமிழ் இதழ்களுக்கு இவற்றோடு எழுத்துரு என்னும் தனிச்செலவும் உண்டு. 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் அவை பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் கோக்கப்பட்டன. திரையில் தமிழாகத் தெரிவது கணினியின் உள்ளே ஆங்கில விசைகளின் குறிகளாகவே கிடக்கும். அக்கோப்பைத் தேடுபொறி படித்தால் அதற்குத் தெரிவது பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியல். தமிழக அரசு 2010 ஜூனில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய கோப்புகள் பழையபடியே இருந்தன. மாற்றி மென்பொருளில் இட்டால் கொம்பு ஒருபுறமும் துணைக்கால் ஒருபுறமும் பிரிந்துபோகும். கிரந்த எழுத்துகள் சிதையும். அடிக்குறிப்பில் எழுத்துப்பெயர்ப்பு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சரிசெய்ய ஓர் ஆள் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்க்க வேண்டும். நாற்பது பக்கக் கட்டுரை ஒன்று பல நாள்களை விழுங்கும். இதற்குப் பணம் எதற்கு என்று கேட்பவரை அந்த ஆளின் மேசைக்கு அருகில் அரை மணி நேரம் உட்காரவைத்தால் போதும். இலவசமாகக் கிடைத்தும் தேடினால் அகப்படாத கட்டுரையைத் திறந்த கட்டுரை என்று சொல்வது பெயரளவில்தான்.

இச்செலவை மூவரில் ஒருவர் ஏற்க வேண்டும். படிப்பவர் ஏற்றால் அது சந்தா. எழுதுபவர் ஏற்றால் அது கட்டுரைக் கட்டணம். அவ்வாறு திறக்கப்படும் கட்டுரை ‘தங்க வழி’யில் வந்தது என்பது வழக்கு. படிப்பவரும் எழுதுபவரும் அன்றி மூன்றாம் தரப்பு ஏற்றால், அதாவது பல்கலைக்கழகமோ சங்கமோ நூலகமோ அரசோ அறக்கட்டளையோ ஏற்றால், அதற்கு ‘வைர வழி’ என்று பெயர். சந்தா இதழில் வந்த கட்டுரையின் கையெழுத்துப்படியை எழுதியவரே பொதுக் களஞ்சியத்தில் இட்டுவைக்கும் ‘பச்சை வழி’யும் உண்டு, தமிழில் அது பெரிதாகப் பழக்கத்துக்கு வரவில்லை. வைரம், தங்கம் என்ற பெயர்களின் பகட்டு ஒருபுறம் இருக்க, மூன்றாம் தரப்பு செலவேற்கும் முறை மதுரைக்குப் புதிதன்று.

பாலவநத்தம் ஜமீன்தார் பொன். பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தபோது கம்பராமாயணமும் திருக்குறளும் தேவைப்பட்டு, நகரில் எளிதில் கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே தமிழ்ச் சங்கத்துக்கு வித்தாயிற்று என்றும் சொல்வதுண்டு. கதை எவ்வாறாயினும், 1901 செப்டம்பர் 14இல் நான்காம் தமிழ்ச் சங்கம் மதுரையில் நிறுவப்பட்டபோது அது நூல் கிடைக்காமை என்னும் குறையைத் தீர்க்கவே முனைந்தது: நூலகம், அச்சகம், கல்லூரி, இதழ் என நான்கையும் ஒருசேர நடத்தியது. 1902இல் தொடங்கிய ‘செந்தமிழ்’ இதழுக்கு முதலில் ரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் ஆசிரியராயிருந்தனர். ஏடுகளில் கிடந்த சிறு நூல்கள் அதில் அச்சேறின, உ. வே. சாமிநாதையரும், மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற் கலைஞரும் அதில் எழுதினர். எழுதியவரிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. சந்தா இருந்தது, ஆனால் இதழ் சந்தாவை மட்டும் நம்பி நிற்கவில்லை. பாண்டித்துரைத் தேவரும் அவருடைய உறவினரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் பிற செல்வரும் அளித்த கொடை பின்னால் இருந்தது.

அதே காலத்தில் வேறு வழிகளையும் தமிழாய்வு முயன்று பார்த்தது. மாவட்ட முன்சீபாக இருந்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1897இல் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’ பெரிதும் ஒரு தனிமனிதரின் உழைப்பைச் சார்ந்திருந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925இல் தொடங்கிய ‘தமிழ்ப்பொழில்’ உறுப்பினரின் சங்கத்தைச் சார்ந்தது. 1923இல் தொடங்கிய ‘செந்தமிழ்ச் செல்வி’ பதிப்பகத்தைச் சார்ந்தது. தனிநாயகம் அடிகள் 1952இல் ஆங்கிலத்தில் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ கடல்கடந்த வாசகரையும் கருதியது. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இன்றும் கல்வெட்டறிஞரின் கூட்டுறவால் நடக்கிறது. சந்தா நிலுவையைச் செலுத்துமாறு வாசகரை வேண்டும் அறிவிப்பைப் பழைய தமிழ் இதழ்களின் அட்டை உட்புறத்தில் காணாமல் இருப்பது அரிது. அந்த அறிவிப்புகளை மட்டும் தொகுத்தாலே தமிழ் இதழியலின் பொருளாதார வரலாறு ஒன்று கிடைத்துவிடும்.

புரவலரை நம்பும் முறையின் குறையையும் மறைப்பதற்கில்லை. பாஸ்கர சேதுபதி 1903இல் மறைந்தார். பாண்டித்துரைத் தேவர் 1911இல் மறைந்தார். இருவரும் ஐம்பதைக் காணாதவர்கள். ‘செந்தமிழ்’ அதோடு நின்றுவிடாமல் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது சங்கம் என்னும் அமைப்பு இருந்ததால். கொடையாளர் மறைந்தாலும் கொடை மறையாதிருக்க வழி என்ன என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுக் கோயில்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டிருந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுக்கப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு ஈனும், கிழடு கழியும், எண்ணிக்கை குறையாது. எனவே அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. முதலைத் தொடாமல் விளைவை மட்டும் செலவிடும் இந்த ஏற்பாட்டையே இன்றைய நிதித்துறை மூலநிதி என்கிறது. விளக்கொளியில் தரிசனம் செய்பவரிடம் நெய்க்குக் காசு கேட்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வைர வழிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு தேட வேண்டியதில்லை.

இந்த மரபை விட்டு விலகி எழுதுபவரே கட்டும் முறை வந்தது அறிவியல் துறைகளின் வழியாக. ஆய்வகத் திட்டங்களுக்கு வரும் நிதியில் வெளியீட்டுச் செலவு என்று ஒரு பகுதி ஒதுக்கப்படுவதால், அங்கே அம்முறை ஓரளவு பொருந்தும். பெரிய வணிகப் பதிப்பகங்களின் இதழ்களில் ஒரு கட்டுரையைத் திறக்க 2,000 டாலர், 3,000 டாலர் என்பது வழக்கமான தொகை. சங்க இலக்கியத்தில் ஓர் உவமையையோ மேலூர் வட்டாரத்து நிலக்கொடைக் கல்வெட்டையோ ஆராய்பவருக்குத் திட்டநிதியே இல்லாதபோது இத்தொகைக்குப் பொருளே இல்லை. இந்தியச் சூழலில் அம்முறை வேறொரு வடிவம் எடுத்தது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை மதிப்பெண்ணாக மாறியதும், சில ஆயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு எதையும் சில நாள்களில் வெளியிடும் போலி இதழ்கள் முளைத்தன. அவற்றைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் ‘கேர்’ பட்டியல் என்னும் ஏற்பாட்டை அறிவித்து, 2019இல் தகுதியான இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் அப்பட்டியலைக் கைவிட்டு, இதழின் தகுதியை நிறுவனங்களே முடிவுசெய்யட்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் முன்வைத்தது.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை அருகில் சென்று பார்க்க வேண்டும். தொகுப்பூதியத்தில் பணிபுரியும் ஒரு கௌரவ விரிவுரையாளர் நேர்காணல் அறிவிப்பு வந்ததும் வாட்ஸ்அப்பில் வந்த கருத்தரங்க அழைப்பிதழைத் திறக்கிறார். அதன் அடியில் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுடன் சிறப்பிதழ் வெளிவரும் என்றும், கட்டணத்தைக் கூகுள் பேயில் செலுத்தி ரசீதின் திரைப்பிடிப்பைக் கட்டுரையோடு அனுப்ப வேண்டும் என்றும் இருக்கும். கட்டுரையை யாரும் படித்துத் திருத்தச் சொல்வதில்லை. ரசீது வந்துவிட்டதா என்று மட்டும் கேட்பார்கள். அச்சிறப்பிதழ் இணையத்தில் எவரும் படிக்கத் திறந்தே இருக்கும். திறந்த அணுக்கம் என்ற சொல்லின் இலக்கணத்துக்கு அது முழுவதும் உட்பட்டது; ஆய்வு என்ற சொல்லுக்குத்தான் உட்படாது. எழுதுபவரே வாடிக்கையாளராகிவிட்ட இடத்தில், வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஆசிரியர் குழு விற்றுவிடுகிறது. மானுடப் புலங்களில் எழுதுபவரிடம் கட்டணம் பெறும் முறையை அடியோடு தவிர்ப்பதே நலம் என்பது இவ்வுரையின் உறுதியான கருத்து; கட்டணத்தைக் குறைப்பதோ ஏழை ஆய்வாளருக்குத் தள்ளுபடி தருவதோ இந்நோய்க்கு மருந்தாகாது.

படிப்பவரின் பக்கத்தில் ஒன்றிய அரசு எடுத்த பெருமுயற்சி ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டம். 2024 நவம்பர் 25இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற இத்திட்டம், 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. மாநிலத்தின் ஒரு மூலையில் உள்ள அரசுக் கலைக் கல்லூரி மாணவருக்கு இதனால் விளையும் நன்மை உண்மையானது. எனினும் இது திறந்த அணுக்கம் அன்று. ஒரு பெரிய வீட்டுக்கு மொத்தமாக வாங்கப்பட்ட சந்தா. நிறுவனம் சாராத ஆய்வாளரும், ஓய்வுபெற்ற தமிழாசிரியரும், கோயில் வரலாற்றைத் தாமே தேடி எழுதும் ஊர்க்காரரும் வாசலுக்கு வெளியேதான் நிற்பர். தமிழில் கல்வெட்டியலும் உள்ளூர் வரலாறும் இத்தகையோரால் வளர்ந்த அளவுக்கு வேறெவராலும் வளரவில்லை.

திருவாதவூர் அவையில் இதற்கு ஓர் ஒப்புமை தானே வந்து நிற்கிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கருவூலப் பொன்னைக் கொடுத்தனுப்பிய அமைச்சர் வாதவூரர் இவ்வூரில் பிறந்தவர்; அப்பொன்னைத் திருப்பெருந்துறைக் கோயிலில் செலவிட்ட அவருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தந்த கதையை இங்கே விரித்துச் சொல்லவேண்டியதில்லை. கதையின் பின்னணியாக இருக்கும் குதிரை வாணிகம் வரலாற்று உண்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசர் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழியே குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாமையால் அவை விரைவில் மாண்டுபோக மீண்டும் வாங்குவதையும் வியப்போடு எழுதிவைத்தார். சந்தாவும் அத்தகையதே: பணம் கட்டும் ஆண்டுவரை குதிரை லாயத்தில் நிற்கும். அதே கருவூலத்திலிருந்து மிகச் சிறிய பங்கு உள்நாட்டு மொழிகளின் ஆய்விதழ்களைத் திறந்து நடத்தச் செலவிடப்பட்டால் லாயம் உள்ளூரிலேயே நிலைக்கும். வாதவூரரைப் போல ஒதுக்கியது ஒன்று செலவிட்டது ஒன்று என்று யாரும் செய்ய வேண்டியதில்லை. தணிக்கைத் துறை இறைவனைப் போல் நரியைப் பரியாக்கித் தராது.

பலர் சேர்ந்து சிறிது சிறிதாகத் தரும் முறைக்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. மார்ட்டின் ஈவும் கரோலின் எட்வர்ட்ஸும் உருவாக்கிய ‘மானுடப் புலங்களின் திறந்த நூலகம்’, மெலன் அறக்கட்டளையின் உதவியோடு, 2015இல் இதழ்களை வெளியிடத் தொடங்கியது. உலகெங்கும் உள்ள பல்கலைக்கழக நூலகங்கள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைத் தருகின்றன. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் செலவில்லை. அதே ஆண்டில் எல்சேவியர் நிறுவனம் வெளியிட்ட ‘லிங்குவா’ என்னும் மொழியியல் இதழின் ஆசிரியர்களும் ஆசிரியர் குழுவினரும் ஒருசேர விலகி, ‘குளோசா’ என்ற புதிய திறந்த இதழைத் தொடங்கியபோது, கைகொடுத்த அமைப்புகளில் இதுவும் ஒன்று. பழைய பெயர் பதிப்பகத்திடம் நின்றது. அறிஞர்கள் புதிய பெயருக்குப் போய்விட்டார்கள். இதழ் என்பது அட்டையில் உள்ள பெயரா, உள்ளே உழைக்கும் குழுவா என்ற கேள்விக்கு அந்நிகழ்ச்சி விடையளித்தது.

தன்னார்வ உழைப்பும் ஒருவகைக் கொடையே. 1998இல் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள அன்பர்களின் விரல்களால் தட்டச்சிட்டு இலவசமாக்கியது. மதுரை அதில் பெயராக மட்டுமே இருந்தது என்பது மதுரைக்காரர் சற்று நாணத்தக்க செய்தி. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து இதழ்களைக் காத்துத் திறந்துவைத்தது. ஆயினும் பழையதைக் காக்கும் உழைப்பு வேறு, குறித்த மாதத்தில் அடுத்த இதழைக் கொண்டுவரும் உழைப்பு வேறு. ஆர்வத்தை நம்பிக் காலாண்டிதழ் நடத்தியவர் யாரிடமும் இதைக் கேட்டுத் தெளியலாம்.

பொதுப்பணம் தந்து அறிவைப் பொதுவாக்குவது தமிழகத்துக்குப் பழகிய செயல். 1949இல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது முதல், எழுத்தாளரின் குடும்பத்துக்கு ஒருமுறை தொகை கொடுத்து நூலை நாட்டுடைமையாக்கும் வழக்கம் தொடர்கிறது. நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும் நாட்டில் இது பெரிய கதவு. ஆனால் அது முடிந்துபோன எழுத்துக்கு உரியது. வரப்போகும் எழுத்துக்கு வேறொரு வாய்க்கால் உண்டு: 1948இன் பொது நூலகச் சட்டத்தால் வந்த நூலக வரி. திருவாதவூரில் வீட்டு வரி கட்டுபவர் ரசீதை உற்றுப் பார்த்தால் அதனோடு ஒட்டி நூலக வரி என்ற சிறு தொகையையும் காண்பார். ஊர்தோறும் படிப்பதற்கென்றே திரட்டப்படும் இப்பணத்தில் ஒரு துளி, யாவரும் படிக்கத் திறந்துள்ள ஆய்விதழின் மெய்ப்பாளருக்குப் போவது சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானதாகாது. அதற்கு விதி எழுத வேண்டியது அரசின் வேலை.

அரசை மட்டும் நம்பினால் அதிலும் இடர் உண்டு. நிதியாண்டு முடிய இதழ் காத்திருக்கும். இயக்குநர் பதவி காலியானால் இதழும் காலியாகும். புகழ்ந்து எழுத வேண்டிய கட்டாயமும் மெல்ல நுழையும். ஆகவே ஒரே புரவலரிடம் முழுத்தொகையையும் பெறுவதைவிட இருபது கல்லூரி நூலகங்கள், ஒரு பல்கலைக்கழகம், ஒரு சங்கம், சில அன்பர்கள் என்று பிரித்துப் பெறுவது நல்லது; ஒருவர் கோபித்து விலகினால் விளக்கு மங்குமே தவிர அணையாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டப்பட்டது, தமிழக அரசும் 10 கோடி ரூபாய் தந்தது, கடல்கடந்த தமிழர் பெருந்தொகை அளித்தனர். நாற்காலிக்குத் தருவதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அடிக்குறிப்பைத் திருத்துபவரின் சம்பளத்துக்குத் தருவதில் அது இல்லை. அத்தகைய திரட்டலில் ஒரு சிறு பங்கு மூலநிதியாக வங்கியில் இருந்தால், அதன் வட்டியில் ஒரு தமிழாய்வு இதழ் யாரிடமும் கையேந்தாமல் வெளிவரும்.

அவ்வாறு வரும் இதழ் ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் அந்த ஆண்டு யார் எவ்வளவு தந்தார், எதற்குச் செலவாயிற்று என்ற கணக்கு அச்சிடப்பட வேண்டும். தந்தவர் பெயரோடு செம்மையாக்கியவர், மெய்ப்புப் பார்த்தவர், பக்கம் அமைத்தவர் ஆகியோரின் பெயரும் அதே எழுத்தளவில் அங்கே இருக்க வேண்டும். குன்றில் கல் கொத்தியவனின் பெயர் விடுபட்டுப்போனது ஒருமுறை போதும்.